ஓ.இ.டி. வாசிப்புத் தேர்வு: என் அனுபவம்

செவிலியர்கள் எழுதும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் வாசிப்புப் பிரிவில் என்னைத் திணறடித்தது, நான்கு சிறு உரைகளை வைத்து 15 நிமிடங்களில் 20 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டிய முதல் பகுதிதான். உரைகளை முழுவதும் படிப்பதை விட்டு, மருந்தளவு அட்டவணை எது, அறிகுறிகளைச் சொல்வது எது என்று தலைப்பையும் அமைப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டு, வினாவிலிருந்து உரைக்குச் செல்லப் பழகிய பிறகு நேரம் போதுமானதாயிற்று.

கட்டுரைகளைப் படித்து விடையளிக்கும் மூன்றாம் பகுதி வேறு வகை. நோய்ப் பெயர்களை வார்டில் தினமும் கேட்கிறோம். ஆனால், கட்டுரையாளர் ஓர் ஆய்வை ஏற்கிறாரா, ஐயுறுகிறாரா என்பதைக் காட்டும் ‘அலெஜெட்லி’ (அப்படிச் சொல்லப்படுகிறது), ‘ஆர்கியூவபிளி’ (அப்படி வாதிடலாம்) போன்ற ஆங்கிலச் சொற்களை அங்கே யாரும் பேசுவதில்லை. மருத்துவச் சொற்பட்டியலை (என் கருத்தில் அது வீண் வேலை) ஒதுக்கிவிட்டு, இத்தகைய சொற்களை அவை வந்த வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதிவைத்துப் படித்த பின்னரே அப்பகுதியில் மதிப்பெண் உயர்ந்தது.