உங்கள் ஊரை எழுதும் வலைப்பூ: சேலத்திலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எழுத விருப்பம் உள்ளவர்களுக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற பின் தம் இளமைக்காலக் கடைவீதியைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் பத்தி பத்தியாக எழுதும் ஆசிரியர்களும், தோட்டக் கணக்கை முடித்த கையோடு அன்று கண்ட பறவையைக் குறித்து வைக்கும் ஏற்காட்டுக்காரர்களும் இங்கே உண்டு. ஆனால் குழுவில் இடப்பட்ட கட்டுரை மறுநாள் வரும் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. முகநூலில் எழுதியதை ஓர் ஆண்டு கழித்துத் தேடி எடுப்பது எழுதியவருக்கே பெரும்பாடாகிவிடுகிறது. தமக்கென ஒரு முகவரியும், தேதி வாரியாக அடுக்கப்பட்ட பதிவுகளும், தேடுபொறி வழியாக முன்பின் அறியாதவரும் வந்து சேரும் வாய்ப்பும் வேண்டுமெனில், செலவில்லாமல் அவற்றைத் தருவது இன்றும் வலைப்பூதான். வலைப்பூ எழுத இடம் தரும் தளங்களான பிளாக்கர் 1999 இலும் வேர்ட்பிரஸ் 2003 இலும் வந்தவை. தமிழில் வலைப்பதிவுகள் 2003 முதலே எழுதப்பட்டு வருகின்றன. இது பழைய ஊடகம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பழையது என்பதால்தான் இதன் நடைமுறைகள் தெளிவாக இருக்கின்றன.

தொடங்க விரும்புவோரில் பலர் எந்தத் தளம், எந்த வார்ப்புரு (பக்க வடிவமைப்பு), எந்த நிறம் என்று ஆராய்வதிலேயே நாட்களைக் கழிக்கிறார்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது எழுதும் பொருளையே. சினிமா, அரசியல், ஆன்மிகம், சமையல் என எல்லாவற்றையும் எழுதுவேன் என்று அறிவித்துத் தொடங்கும் வலைப்பூக்கள் பெரும்பாலும் சில பதிவுகளோடு நின்றுவிடுகின்றன. எதைப் பற்றியும் எழுதலாம் என்றால், இன்று எதை எழுதுவது என்ற கேள்விக்கு ஒருபோதும் விடை கிடைப்பதில்லை. உங்கள் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருப்பதும், நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதும், மற்றவர் எளிதில் எழுத இயலாததுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் முதன்மையான பரிந்துரை.

ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஏரி, லேடிஸ் சீட், பகோடா முனை, கிளியூர் அருவி ஆகியவற்றை வரிசைப்படுத்தும் சுற்றுலாக் கட்டுரைகள் இணையத்தில் ஏற்கெனவே நிறைந்து கிடக்கின்றன; இன்னொன்று சேர்வதால் யாருக்கும் பயனில்லை. ஆனால் கோடையின் முதல் மழைக்குப் பின் காப்பிச் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துச் சில நாட்களிலேயே வாடிவிடுவதையும், அந்த மழை தாமதமானால் தோட்டக்காரர் முகத்தில் தெரியும் கவலையையும், மலையிலேயே வாழ்பவர் ஆண்டுதோறும் பதிந்துவந்தால் அதற்கு ஈடான ஆவணம் வேறெங்கும் கிடைக்காது. கீழே நகரத்தில் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவின்போது உருமாறும் தெருக்கள், மாம்பழப் பருவம் தொடங்கும்போதும் முடியும்போதும் கடைகளில் மாறும் ரகங்கள், சவ்வரிசி ஆலைகளுக்கு வரும் மரவள்ளிக்கிழங்கு லாரிகள் என்று ஒவ்வொன்றும் ஒரு தனி வலைப்பூவுக்குப் போதுமான பொருள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இதைப் பற்றி இருபது தலைப்புகள் எழுத முடியுமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எட்டுத் தலைப்புகளோடு கை நின்றுவிட்டால் பொருளைச் சற்று விரிக்கலாம். இருபதும் தடையின்றி வந்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம்.

அடுத்தது ஒரு பதிவை எழுதும் முறை. ஒரு பதிவில் ஒரு செய்தி மட்டும் இருக்கட்டும். தட்டுவடை செட்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், சேலத்துச் சாலையோர உணவுகள் அனைத்தையும் அதில் திணிக்க வேண்டாம். "மிகவும் சுவையாக இருக்கும்" என்ற வரி வாசகருக்கு எதையும் தருவதில்லை. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே எந்தச் சட்னி முதலில் பூசப்படுகிறது, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் எந்த அளவில் வைக்கப்படுகின்றன, கடைக்காரர் கையில் ஒரு செட் எத்தனை நொடியில் தயாராகிறது, நின்றுகொண்டு உண்பவர்கள் அதை ஒரே வாயில் போடுகிறார்களா கடித்து உண்கிறார்களா என்பவற்றை எழுதினால், மதுரையிலோ மலேசியாவிலோ இருந்து வாசிப்பவருக்கும் கடை கண்ணுக்குத் தெரியும். பார்த்ததை எழுதுங்கள், கேட்டதை யார் சொன்னது என்ற அடையாளத்தோடு எழுதுங்கள், ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள்.

தொழில் சார்ந்த பதிவுகளில் அந்தத் தொழிலாளர்கள் வழங்கும் சொற்களையே பயன்படுத்துவது முக்கியம். பட்டறையில் ஒரு கருவிக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து, தேவையானால் ஒரு வரியில் விளக்கம் தரலாம். அகராதியைப் பார்த்து நாமாக ஒரு தூய சொல்லைச் சூட்டுவது பதிவின் நம்பகத்தன்மையைக் கெடுத்துவிடும். உரையாடலை எழுதும்போது சேலம், தருமபுரிப் பக்கத்துப் பேச்சை அப்படியே வைத்து, விவரிப்பைப் பொதுத்தமிழில் எழுதினால் இரண்டும் தெளிவாக நிற்கும்.

வரலாற்றுச் செய்திகளில் கூடுதல் கவனம் தேவை. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தவர் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன், ஆண்டு 1820 என்பது போன்ற செய்திகள் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இவற்றைச் சரிபார்க்க 1883 இல் லெ ஃபானு தொகுத்த மாவட்டக் கையேடும், 1918 இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட விவரச்சுவடியும் பெரிதும் உதவும். ஆனால் அவற்றில் வரும் சேலம் மாவட்டம் இன்றைய சேலம் அன்று. தருமபுரி 1965 இல்தான் தனி மாவட்டமானது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004 இல் பிரிந்தது. எனவே அந்நூல்களில் உள்ள மக்கள்தொகையையோ விளைச்சல் அளவையோ எடுத்து இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிடும் பதிவு, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பிழையானதே.

தட்டச்சுக்கு இன்று பெரிய தடையில்லை. கைப்பேசியில் ஜிபோர்டு அல்லது செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி போதும். நீண்ட கட்டுரைகளைக் கணினியில் எழுதுபவர்கள் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது நல்லது, ஏனெனில் ஆங்கில ஒலிப்பை மனத்தில் ஓட்டாமல் நேரடியாகத் தமிழில் சிந்திக்கும் பழக்கத்தை அது தருகிறது. பேசி எழுதும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது தரும் எழுத்தில் ஒற்றுகள் விடுபடும், லகர ளகர ழகரங்கள் இடம் மாறும், முற்றுப்புள்ளிகள் இருக்காது. முதல் வரைவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, பின்னர் வரி வரியாகத் திருத்த வேண்டும். அழைப்பிதழ் அச்சிடும் கடையில் முன்பு தட்டச்சு செய்து வைத்த பழைய கட்டுரைகள் உங்களிடம் இருந்தால், அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கக்கூடும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே அவை ஆங்கிலக் குறியீடுகளே என்பதால் தேடுபொறிக்கு அவை அகப்படாது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் இலவசக் கருவி ஒன்றின் வழியாக மாற்றி, கொம்புகளும் துணைக்கால்களும் சரியாக வந்துள்ளனவா என்று பார்த்த பிறகே பதிவேற்ற வேண்டும்.

தளத்தைப் பொறுத்தவரை, எழுத்தில் மட்டும் கவனம் செலுத்த விரும்புபவருக்கு பிளாக்கரே போதும் என்பது என் கருத்து. கூகுள் கணக்கு இருந்தால் சில நிமிடங்களில் தொடங்கிவிடலாம். பராமரிப்பு எதுவும் இல்லை. வேர்ட்பிரஸின் இலவசத் திட்டத்தில் வடிவமைப்பு நேர்த்தியாக இருக்கும், ஆனால் உங்கள் பதிவுகளுக்கிடையே அவர்களுடைய விளம்பரங்கள் வரும். சொந்தப் பெயரில் முகவரி வாங்குவதை ஓராண்டு தள்ளிப்போடலாம், ஏனெனில் அதற்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு, கட்டத் தவறினால் முகவரி கைவிட்டுப் போய்விடும். வார்ப்புருவில் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, தமிழுக்குச் சற்றே பெரிய எழுத்தளவு, வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி ஆகியவை அமைந்தால் போதும். ஓடும் எழுத்துகளும் தானாக ஒலிக்கும் இசையும் வாசகரை விரட்டுவதற்கே பயன்படும்.

தமிழில் எழுதுவோர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பதிவின் தலைப்பிலிருந்தே அதன் இணைய முகவரி தானாக உருவாகிறது. பிளாக்கர் அதில் ஆங்கில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்வதால், தமிழ்த் தலைப்புள்ள பதிவுகளெல்லாம் "பிளாக் போஸ்ட்" என்ற ஒரே பெயரோடு ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கிறது. ஆனால் பகிரும்போது ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், "ஏற்காடு" என்ற ஒரு சொல்லே ஏழு குறியீடுகளாகி, இவ்வாறு 63 எழுத்துகளாக விரிந்து, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் என்னவென்று தெரியாத நீண்ட சங்கிலியாகக் காட்சியளிக்கும். இரண்டு தளங்களிலும் தீர்வு ஒன்றுதான்: வெளியிடுவதற்கு முன் பதிவின் அமைப்புகளில் உள்ள பெர்மாலிங்க் என்னும் இடத்தில், ஆங்கில எழுத்துகளில் இரண்டு மூன்று சொற்களால் நீங்களே முகவரியை எழுதிவிடுங்கள். பின்னர் மாற்றினால் முன்பு பகிர்ந்த இணைப்புகள் அறுந்துபோகும்.

தலைப்பிலும் ஊர்ப் பெயரும் பொருளும் இருக்க வேண்டும். "மழை நினைவுகள்" என்று தேடி உங்களிடம் வருபவர் யாருமில்லை. "குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலை: மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை" என்றால், அந்தச் சாலையில் போக இருப்பவர் உங்களைக் கண்டடைவார்.

படங்களில் கைப்பேசிப் படமே போதும், ஆனால் அது நீங்கள் எடுத்ததாக இருக்க வேண்டும். இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுத்துக்கான உரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது; ஒளிப்படங்களுக்கும் காலவரையறையோடு கூடிய உரிமை உண்டு. எனவே ஏற்காடு சாலையில் எஞ்சி நிற்கும், பழைய திரைப்பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயிலைப் பற்றி எழுதும்போது இணையத்தில் கிடைத்த பழைய சினிமாப் படத்தை எடுத்து ஒட்டுவதைவிட, இன்றைய நுழைவாயிலை நீங்களே சென்று படமெடுப்பது மேல். பட்டறைத் தொழிலாளர்களையோ மலைக்கிராமத்து மக்களையோ படமெடுத்தால், எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். குழந்தைகளின் முகத்தைத் தவிர்ப்பதே முறை. படக் கோப்புக்குள் எடுத்த இடமும் பதிவாகிவிடும் என்பதால் கேமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். உங்கள் வீட்டின் பாதுகாப்புக்கு இது தேவை. காட்டில் கண்ட அரிய ஆர்க்கிட் மலரின் பாதுகாப்புக்கும் தேவை. அத்தகைய மலரின் படத்தை இடலாம், எந்த வளைவில் எந்த மரத்தில் என்று எழுதலாகாது. ஆர்க்கிட்களைக் காண விரும்புவோரை ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் பேணும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அனுப்பலாம்.

எழுதியதைப் பகிர்வதில் அளவு வேண்டும். முதல் வாசகர்களாக, பொருளை அறிந்த இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, இணைப்பைத் தனித்தனியே அனுப்பி, பிழையிருந்தால் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கொலுசைப் பற்றிய பதிவைக் கொலுசு செய்பவர் வாசித்து ஒப்புக்கொண்டால், உறவினர் குழுவில் கிடைக்கும் ஐம்பது கைகூப்புக் குறிகளைவிட அது மதிப்புடையது. முகநூலில் முழுக் கட்டுரையையும் இடாமல் ஒரு பத்தியை மட்டும் இட்டு இணைப்பைத் தந்தால், வாசகர் உங்கள் இடத்துக்கே வந்து பழகுவார். வருமானத்தைப் பற்றி ஒரு சொல்: கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரங்கள் 2018 முதல் தமிழ்த் தளங்களுக்கும் கிடைக்கின்றன, ஆனால் சிறு வலைப்பூவுக்கு அதில் வருவது சொற்பமே. அதை எதிர்பார்த்து எழுதினால் விரைவில் கை சோர்ந்துவிடும்.

வாரம் ஒன்றோ மாதம் இரண்டோ, உங்களால் இயலும் வேகத்தை வகுத்துக்கொண்டு, தொடங்கும்போதே நான்கு பதிவுகளை எழுதிக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடித் திருவிழாவில் எழுத நேரம் இருக்காது, மாம்பழப் பருவத்தில் கடைக்காரர் உங்களோடு பேச நேரம் இருக்காது. கையிருப்பு அப்போது உதவும்.

கடைசியாக, சேமிப்பு. தளங்கள் நிரந்தரமல்ல. தமிழ்ப் பதிவுகளை 2004 முதல் ஓரிடத்தில் திரட்டித் தந்த தமிழ்மணம் இன்று இயங்கவில்லை. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 இல் மூடப்பட்டபோது, அதன் வழியாக பிளாக்கரில் எழுதப்பட்டிருந்த வாசகர் கருத்துகளும் சேர்ந்தே மறைந்தன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கை நீக்கும் உரிமையையும் கூகுள் தன்னிடம் வைத்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பதிவின் மூலத்தையும் கணினியிலோ பென்டிரைவிலோ தேதியோடு சேமித்து வையுங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது தளத்தின் அமைப்புகளில் உள்ள வசதியின் வழியாக எல்லாப் பதிவுகளையும் மொத்தமாகத் தரவிறக்குங்கள். படங்களை அவற்றின் முழு அளவில் தனியே வைத்திருங்கள், ஏனெனில் தளத்தில் காட்டப்படுபவை பெரும்பாலும் சுருக்கப்பட்டவை. கணக்கின் கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிந்திருப்பது நல்லது.