எழுந்ததும் கண்ணு இருட்டுதா? பிபி விஷயத்துல நாம பண்ற தப்புகள்

எங்க ஐயாவுக்கு 78 வயசு. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு, பாத்ரூம் பின்கட்டுல இருக்கு. போன வருஷம் ஒருநாள் விடியக்காலம் நாலு மணிக்கு பாயில இருந்து சட்டுனு எழுந்து, வளவைத் தாண்டிப் போறதுக்குள்ள கண்ணு இருட்டி, தூணைப் பிடிக்கப் போய் பிடி கிடைக்காம ஆத்தங்குடி கல்லுத் தரையிலயே விழுந்துட்டாக. நல்லவேளை எலும்பு முறியல. வீட்டுல எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "பித்தம்". இஞ்சிச் சாறு கொடுத்தோம். அதுதான் நாங்க பண்ணின முதல் தப்பு.

நடந்தது என்னன்னா, நாம எழுந்து நிக்கிறப்ப அரை லிட்டருக்கு மேலயே ரத்தம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கிடும், பிபி குறையும். கழுத்துல தாடைக்குக் கீழ நாடி பாக்குறோமே அந்த ரத்தக்குழாய்லயும், இதயத்துல இருந்து கிளம்புற பெரிய குழாயோட வளைவுலயும் நரம்பு நுனிகள் இருக்கு, பாரோரிசெப்டர்னு பேரு. குழாய் சுவர் எவ்வளவு விரியுதுன்னு பாத்து மூளைத்தண்டுக்கு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். விரிவு குறைஞ்சா சிக்னல் குறையும், உடனே மூளை இதயத்தை வேகமா துடிக்க வச்சு, ரத்தக்குழாய்களை இறுக்கி பிபியை ஏத்திடும். எல்லாம் சில நொடிக்குள்ள. வயசானா குழாய் சுவர் விறைச்சுப்போகும், சரியா விரியாது, அதனால சிக்னலும் மந்தமாயிடும், அந்த நேரத்துல சட்டுனு எழுந்தா விழத்தான் செய்வாக.

அதனால படுத்திருந்து நேரா நிக்காதீங்க. முதல்ல உக்காந்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் காலை ஆட்டிட்டு, அப்புறம் எதையாச்சும் பிடிச்சு எழுந்து, கொஞ்சம் நின்னுட்டு நடங்க. இப்ப ஐயா கட்டில்லதான் படுக்குறாக, தரையில இருந்து எழுறது இன்னும் கஷ்டம்.

அடுத்து, உக்காந்த பிபியை மட்டும் பாத்துட்டு வந்துடறது. ஐயாவுக்கு டாக்டர் படுக்க வச்சு பாத்தப்ப 150/84, நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல 118/70. நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் எண் 20 இல்ல கீழ் எண் 10 குறைஞ்சாலே கவனிக்கணும்னு சொன்னாரு. காரணத்தைத் தேடினா, பிராஸ்டேட்டுக்குன்னு ராத்திரி போட்ட மாத்திரை. அதையும் பிபி மாத்திரையையும் சேத்துப் பாத்து டாக்டர் மாத்திக் கொடுத்தாரு. இங்க நிறைய பேரு தலை சுத்துனா பிபி மாத்திரையைத் தானா நிறுத்திட்டு உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறாங்க, பிபி உள்ளவங்க அதைப் பண்ணவே கூடாது, நீங்க எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட கொண்டுபோங்க.

எனக்கு ரொம்ப பயமா இருக்குற தப்பு, "எனக்கு ஒண்ணுமே செய்யல, பிபியெல்லாம் இருக்காது"ன்னு சொல்றது. இந்த சென்சார்கள் நொடிக்கு நொடி ஏற்ற இறக்கத்தைத்தான் நல்லா பாக்கும். பிபி தொடர்ந்து கூடவே இருந்தா சில நாள்லயே அந்த உயர்ந்த அளவையே சாதாரணம்னு எடுத்துக்கிட்டு அங்கேயே நிலைநிறுத்த ஆரம்பிச்சிடும், அதனால உடம்பு சத்தமே போடாது. மெஷின்ல பாத்தாதான் தெரியும். அதுவும் படியேறி வந்த கையோட, பேசிக்கிட்டே பாக்காம, அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, கையை நெஞ்சு மட்டத்துல வச்சு பாருங்க.

கழுத்துல ரெண்டு பக்கமும் அழுத்தி விடாதீங்க, மசாஜ்னு சொன்னாலும் வேணாம். அந்த இடத்தை அழுத்தினா பிபி கூடிடுச்சுன்னு நினைச்சு மூளை இதயத்தை மெதுவாக்கிடும், சிலர் மயங்கிடுவாங்க, குழாய்ல கொழுப்பு படிஞ்சிருந்தா அது பெயர்ந்து மூளைக்குப் போற ஆபத்தும் இருக்கு.

கடைசியா, கல்யாண வீட்டுலயும் கோயில் கூட்டத்துலயும் நான் அடிக்கடி பாக்குறது, மயங்கினவங்களை நாலு பேரா தூக்கி உக்கார வச்சு வாயில தண்ணி ஊத்தறது. மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் அதனாலயே இன்னும் குறையும், தண்ணி மூச்சுக்குழாய்ல போகும். தரையிலயே மல்லாக்க படுக்க வச்சு, காலுக்குக் கீழ ஒரு தலையணை வச்சு உசத்துங்க, சுத்தி நிக்கிற கூட்டத்தை விலக்குங்க. ஒரு நிமிஷத்துல முழிக்கலைன்னா 108க்கு போன் போடுங்க.