உங்க போட்டோ, போஸ்ட், காண்டாக்ட் எல்லாத்தையும் ஒரு ஆப்ல இருந்து வெளிய எடுக்கறது எப்படி

மன்னார்குடி பக்கம் எங்க அக்கா பாரம்பரிய நெல்லு போடுது. மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, பூங்கார்னு எந்த ரகம் எத்தனாவது நாள் கதிர் விட்டுச்சு, எந்த வயல்ல சாஞ்சுச்சுன்னு 5 வருஷமா ஒரு ஆப்லயே போட்டோவோட எழுதி வச்சிருந்துச்சு. ஒருநாள் காலையில பார்த்தா அக்கவுண்ட் லாக். என்ன காரணம்னு கடைசி வரைக்கும் சொல்லல, மெயில் போட்டா மெஷின் அனுப்பற பதில்தான் வருது. போன்ல மிஞ்சினது கடைசி நாலு மாச போட்டோ. விதை கேட்டு வந்தவங்க நம்பர் எல்லாம் அந்த மெசேஜுக்குள்ளயே போயிடுச்சு, அக்கா ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

எழுதினது நாமதான், ஆனா அது கிடக்கற இடம் அடுத்தவங்களோடது. கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல்லைக் கொட்டிட்டு முறைக்குக் காத்துக் கிடக்கும்போது மழை வந்தா நனையறது யாரோட நெல்லு? விதைக்குன்னு ரெண்டு மூட்டை முதல்ல வீட்டுக்கு வந்துடணும்ல, அதேதான் இதுவும்.

சட்டம் பார்த்துக்கும்னு இருக்காதீங்க. ஐரோப்பால 2018 மே 25-லேர்ந்து நடைமுறைல இருக்கற ஜிடிபிஆர்ங்கற தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்துல 20-வது பிரிவு, உங்க டேட்டாவ கம்ப்யூட்டர் படிக்கற மாதிரி வாங்கி இன்னொரு கம்பெனிக்கு எடுத்துட்டுப் போற உரிமைய குடுக்குது. நம்ம நாட்டுல 2019-ல வந்த தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதால அது இருந்துச்சு, ஆனா 2023-ல நிறைவேறின சட்டத்துல அத எடுத்துட்டாங்க. அந்த சட்டம் நமக்குன்னு சொல்றது என்ன டேட்டா வச்சிருக்காங்கன்னு சுருக்கமா கேக்கறது, திருத்தச் சொல்றது, அழிக்கச் சொல்றது. செல் நம்பர மாத்தாம 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் போட்டு ஆரம்பிச்சு வேற கம்பெனிக்கு மாறிக்கற வசதி 2011 ஜனவரிலேர்ந்து நாடு முழுக்க இருக்கு, போட்டோவுக்கும் போஸ்ட்டுக்கும் அப்படி ஒண்ணு வர்றது நியாயம்தானேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

சரி, வேலைக்கு வருவோம். கூகுள்ல இருந்து ஆரம்பிங்க, அங்கதான் நம்ம ஆளுங்களோட பாதி வாழ்க்கை கிடக்கு. லேப்டாப்ல பண்ணுங்க, போன்ல பண்ணா, எல்லாத்தையும் ஒண்ணா கட்டி வர்ற ஜிப் பைல பிரிக்கவே இடம் பத்தாது. கூகுள் டேக்அவுட்னு தேடினா வரும். உள்ள போனதும் எல்லாமே டிக் ஆகி இருக்கும், எல்லா டிக்கையும் நீக்கிட்டு போட்டோஸ், காண்டாக்ட்ஸ், டிரைவ், யூடியூப்னு வேணும்கறத மட்டும் டிக் பண்ணுங்க. சைஸ் கேக்கும், 2 ஜிபின்னு வைங்க, 50 ஜிபி ஒரே பைலா எடுத்தா நம்ம ஊர் நெட்டுக்கு நடுவுல அறுந்தா மொதல்லேர்ந்து இறக்கணும். ரெடியானதும் மெயில் வரும், சில மணி நேரமோ ரெண்டு நாளோ ஆகலாம், ஆனா அந்த லிங்க் ஒரு வாரம்தான் இருக்கும், கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்னு விட்டா திரும்ப மொதல்லேர்ந்து கேக்கணும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தானா எடுக்கறதுக்கும் அங்கயே ஒரு ஆப்ஷன் இருக்கு, ஒரு வருஷத்துக்கு 6 தடவை எடுத்துக் குடுக்கும், அத ஆன் பண்ணிடுங்க.

இறக்கிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, திறந்து பாருங்க. நான் பார்த்தப்போ 2018 நவம்பர் 16, கஜா அடிச்ச அன்னைக்கு எங்க தென்னந்தோப்புல எடுத்த போட்டோ போல்டர்ல நான் இறக்கின தேதியக் காட்டுச்சு. பக்கத்துலயே அதே பேர்ல ஜேசான் (JSON) பைல் ஒண்ணு, அதாவது தகவல எழுத்தா வச்சிருக்கற பைல், நோட்பேட்ல திறந்தா 1542342600-னு ஒரு நம்பர், கீழ நவம்பர் 16, 4:30-னு இருக்கு. அது உலகப் பொது நேரம், அஞ்சரை மணி கூட்டினா நம்ம காலை 10 மணி. மரம் எல்லாம் படுத்துக் கிடந்த நேரம் கரெக்டா அதுதான். நாளைக்கு பயிர் சேதம்னு எங்கயாவது காட்ட வேண்டி வந்தா இந்த தேதி வேணும், அதனால அந்த ஜேசான் பைல்கள குப்பைன்னு டெலிட் பண்ணிடாதீங்க. நீங்க போட்டோவுக்கு எழுதின குறிப்பும் அதுலதான் இருக்கும்.

பேஸ்புக், இன்ஸ்டா ரெண்டுக்கும் அக்கவுண்ட்ஸ் சென்டர்ல உங்க தகவல்னு ஒரு பகுதி, அங்க டவுன்லோட்னோ எக்ஸ்போர்ட்னோ இருக்கும். மூணு விஷயம் பாருங்க. தேதி எல்லா காலத்துக்கும்னு மாத்துங்க, போட்டோ தரம் ஹைன்னு வைங்க. பார்மட் எச்டிஎம்எல் எடுங்க, பிரவுசர்லயே திறந்து படிக்கலாம். ஏன்னா ஜேசான் எடுத்தா அதுல தமிழ் உடைஞ்சு வரும், ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு மூணு குறியீடுன்னு கிறுக்கலா இருக்கும், அத சரி பண்ண ப்ரோகிராம் எழுதத் தெரியணும். வேற ஆப்புக்குள்ள ஏத்தத்தான் ஜேசான் வேணும், அதனால நான் ரெண்டையும் எடுத்து வச்சுப்பேன்.

காண்டாக்ட் விசிஎப் பைலா எடுங்க, எந்த போன்லயும் ஏறும். சிஎஸ்வின்னு அட்டவணை பைலா எடுத்து எக்செல்ல நேரா திறந்தா தமிழ்ப் பேரெல்லாம் கொத்து பரோட்டாவா நிக்கும், கூகுள் ஷீட்ஸ்ல திறந்தா சரியா வரும்.

வாட்ஸப்ல ஒவ்வொரு சாட்டா போய் எக்ஸ்போர்ட் பண்ணணும், ரொம்ப பழசான சாட்ல அண்மை மெசேஜ் மட்டும் வரலாம். விதை கேட்டவங்க, வியாபாரம் பேசினவங்கன்னு முக்கியமானத மட்டும் எடுங்க. குரூப்ல மத்தவங்க நம்பரும் பேச்சும் இருக்குங்கறத மறக்காதீங்க, அது உங்களோட சொத்து இல்ல, எடுத்ததக் கொண்டு போய் வேற குரூப்ல கொட்டறது தப்பு.

எது வராதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. யூடியூப் வீடியோ வரும், சப்ஸ்கிரைபர் உங்ககூட வர மாட்டாங்க. 2020 ஜூன்ல டிக்டாக் தடை ஆனப்போ இதே கதைதான், வீடியோவ எடுத்து வச்சிருந்தவங்ககூட பார்வையாளர்கள விட்டுட்டுத்தான் வரணும்னு ஆச்சு. ட்விட்டர் மாதிரி இருக்கற மாஸ்டடான்ல ஒரு சர்வர்லேர்ந்து இன்னொண்ணுக்கு பாலோயர்ஸ கூட்டிட்டுப் போகலாம், போஸ்ட் பழைய இடத்துலயே நிக்கும். அதனால முக்கியமான ஆளுங்க நம்பர ஒரு நோட்டுலயும் எழுதி வைங்க, அக்கா இப்ப விதை கொடுக்கற ரெஜிஸ்டர்லயே எழுதிக்குது.

எடுத்தத ஒரு ஹார்ட் டிஸ்க்ல, இன்னொண்ண வேற வீட்டுல இருக்கற ஒரு பென்டிரைவ்ல போட்டு வைங்க. வெள்ளம் வர்ற ஊர் நம்மளது, ஒரே பீரோல ரெண்டும் இருந்தா ரெண்டும் போகும். பழைய அக்கவுண்ட மூடறதா இருந்தா எல்லா ஜிப்பையும் பிரிச்சு ஒவ்வொரு வருஷத்துலயும் பத்து போட்டோவாவது திறந்து பார்த்துட்டு அப்பறம் மூடுங்க, பேஸ்புக்ல டிலீட் குடுத்தா 30 நாள் டைம் இருக்கு, அதுக்குள்ள மனசு மாறினா லாகின் பண்ணி நிறுத்திடலாம்.