சாஃப்ட் கோரல் வாடிக் கிடந்தால் எங்கிருந்து பார்ப்பது

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கிற சாஃப்ட் கோரல்களில் (கல் போன்ற எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்களில்) லெதர் கோரல் தலையைச் சுருக்கிக்கொண்டது, ஜோவா நாலு நாளாகத் திறக்கவில்லை என்றதும் பலரும் செய்வது, ஏதாவது ஒரு புட்டியை வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாஃப்ட் கோரல்கள் நிறையத் தாங்கும். ஒரே வாரத்தில் லைட்டையும் குறைத்து, இடத்தையும் மாற்றி, பாதித் தண்ணீரையும் மாற்றி, அதற்கு மேல் அயோடினும் ஊற்றினால் மட்டும் தாங்காது, அதோடு எதனால் வாடியது என்று கண்டுபிடிக்கிற வழியும் அடைபட்டுப் போகும்.

முதலில் ஒன்றை மட்டும் பாருங்கள்: வாடியிருப்பது ஒன்றா, எல்லாமா? லெதர், மஷ்ரூம், ஜெனியா, ஜோவா என்று எல்லா வகையும் ஒன்றாக மூடிக்கொண்டால் கோளாறு தண்ணீரில். ஒன்று மட்டும் மூடியிருக்க, பக்கத்தில் இருப்பவை நன்றாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தால் தண்ணீரை விட்டுவிடுங்கள், அந்த ஒன்றைச் சுற்றித் தேடுங்கள். வெளிச்சம், நீரோட்டம், பூச்சி, கொத்துகிற மீன், பக்கத்துக் கோரல், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் என்றால், அதுவும் காளான் போல் தலை விரிந்த டோட்ஸ்டூல் லெதர் என்றால், பயப்படுவதற்கு முன் உற்றுப் பாருங்கள். மேல்தோல் மெழுகு பூசியது போல் பளபளவென்று இருந்து, பாலிப் (கோரலின் பூப்போன்ற சிறு உயிர்) ஒன்றுகூட வெளியே வராமல் இருந்தால் அது தோலுரிக்கிறது. உடம்பில் படிந்த பாசியையும் அழுக்கையும் தள்ளிவிட அது அவ்வப்போது செய்கிற வேலை இது, சில நாளில் முடியலாம், இரண்டு வாரம்கூட இழுக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த மெல்லிய படலம் அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டுவது மட்டும்தான், கையால் உரிக்க வேண்டாம். தோலுரிக்கிற லெதர் சுருங்கினாலும் உடம்பு கெட்டியாக இருக்கும். கொழகொழவென்று ஆகி, கறுப்பாகவோ பழுப்பாகவோ ஓட்டை விழுந்து, நாற்றம் அடித்தால்தான் அழுகல்.

எல்லாம் வாடியிருந்தால் முதலில் உப்பளவு. ஒப்படர்த்திக் கணக்கில் (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025, 1.026 இருக்க வேண்டும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை நல்ல தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலை வைத்துச் சரிபார்த்தால்தான் நாம் அளக்கிற இடத்தில் அது உண்மை சொல்கிறதா என்று தெரியும். வெயில் காலத்தில் ஃபேன் போட்டுத் தொட்டியைக் குளிர வைப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், இரண்டு நாள் டாப் அப் செய்ய (ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்ற) மறந்தாலே அளவு ஏறிவிடும். டாப் அப் எப்போதும் உப்பில்லாத தண்ணீரில்.

வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்பது நல்லது. சென்னை மாதிரி கடலோர ஊரில் மே மாதம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஃபேனால் கிடைக்கிற குளிர்ச்சி குறைவு. தொட்டி 30ஐத் தாண்டி நின்றுவிட்டால் கோரலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தருகிற பாசிகள் வெளியேறி, கோரல் வெளுத்துப்போகும். அங்கே சில்லரோ ஏசியோ வேண்டும், வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் ஊரில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. மெஷின் பலவற்றில், ருசிக்காக, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கிற டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) கன்ட்ரோலர் இருக்கும், சிலவற்றில் தாமிரம் சேர்க்கிற கார்ட்ரிட்ஜ்கூட இருக்கும். குடிக்கிற நமக்கு அது பிரச்சினை இல்லை, ஆனால் கோரல், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் தாமிரம் விஷம். அந்தத் தண்ணீரில் உப்புக் கலக்காதீர்கள். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளை எடுக்கிற டிஐ ரெசின் வைத்து, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுகிற தண்ணீர்தான் வேண்டும். அதே காரணத்துக்காக, மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை இந்தத் தொட்டியில் போடவே கூடாது, மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே கொடுங்கள். உலோகம் கலக்கிற இன்னொரு வழி, பம்புக்குள் இருக்கும் காந்தம்; அது விரிசல் விட்டுத் துருப்பிடித்திருக்கிறதா என்றும் கழற்றிப் பாருங்கள். அப்புறம் கொசு மருந்து. அறையில் இருக்கிற காற்றைத்தான் ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் அழுக்கைப் பிரிக்கிற கருவி) இழுத்துத் தண்ணீரில் கலக்கிறது, கொசுவர்த்தி, லிக்விட், ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் வேண்டாம். அவற்றில் இருக்கிற பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம்.

இவ்வளவும் சரி என்றால் டெஸ்ட் கிட்டை எடுங்கள், காலாவதி ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஆல்க் (ஆல்கலினிட்டி, தண்ணீரின் காரத்தன்மை) அதன் அலகான டிகேஎச்சில் 8, 9 அருகே இருந்தால் போதும், அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது. குறைந்திருந்தாலும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள், நாளுக்கு அரை டிகேஎச், மிஞ்சினால் ஒன்று. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று சந்தோஷப்படுகிறவர்களின் தொட்டியில்தான் மஷ்ரூம் சுருங்குவதையும் ஜெனியா தேய்ந்துபோவதையும் அதிகம் பார்க்கிறேன். சாஃப்ட் கோரலுக்குக் கொஞ்சம் அழுக்கு வேண்டும்: பிபிஎம் கணக்கில் (லிட்டருக்கு மில்லிகிராம்) நைட்ரேட் 5 முதல் 20, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை. பூஜ்யத்தில் இருந்தால் பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிட்டு மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள்.

தண்ணீரில் குறை இல்லை, ஒரு கோரல் மட்டும் வாடுகிறது என்றால், அது நிற்கிற இடத்தைப் பாருங்கள். ஜோவா காம்பு நீட்டி எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. நிறம் வெளுத்து, குறுகி, பாறையோடு ஒட்டிக் கிடந்தால் அதிகம். மஷ்ரூமுக்கு 50 முதல் 100 பார் (கோரலுக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) போதும், மற்றவற்றுக்கு 150 வரை போகலாம். புது எல்ஈடி மாட்டினால் குறைவாக ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். வேவ் மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) நேராக அடிக்கிற பக்கத்தில் பாலிப் வெளியே வராது, முனையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். க்ளவுன் மீன் லெதருக்குள் புரண்டுகொண்டே இருந்தாலும் அது திறக்காது.

லெதர் வகைகள் பக்கத்துக் கோரல் வளராதபடி தண்ணீரில் ரசாயனம் விடும், தொடவே வேண்டியதில்லை. சின்னத் தொட்டியில் பெரிய டோட்ஸ்டூலும் கல் பவளமும் ஒன்றாக இருந்தால் தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற ஆக்டிவேட்டட் கரி கட்டாயம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதுவரை கரி போடாதவர்கள் பாதி அளவில் தொடங்குங்கள், தண்ணீர் திடீரென்று தெளிந்தால் வெளிச்சம் அதிகமாகி வேறு விதமாக வாடும்.

இன்னும் காரணம் கிடைக்கவில்லையா, லைட் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து சிவப்பு டார்ச்சோடு உட்காருங்கள். ஜோவாவைத் தின்னும் நியூடிப்ராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) அது தின்ற ஜோவாவின் நிறத்திலேயே இருக்கும், சுருள் கோலம் போட்ட சன்டயல் நத்தையும் அப்போதுதான் வெளியே வரும். கோரலை எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே டிப் (பூச்சியை விரட்டும் முக்கு மருந்து) கலந்து, புட்டியில் சொன்ன நேரம் மட்டும் முக்குங்கள். முட்டைகளை டிப் கொல்லாது, கண்ணில் பட்டதைச் சுரண்டி எடுங்கள், ஒரு வாரத்தில் மறுபடி முக்குங்கள். ஜெனியாவுக்கு டிப் ஒத்துக்கொள்ளாது.

ஜோவா, முக்கியமாகப் பாலித்தோவா வகை, தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் மனிதனையே கொல்லக்கூடியது. அந்தப் பாறையைக் கொதிக்க வைக்கவே வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், வெளியே எடுத்து பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், ஆவியையோ சாரலையோ மூச்சில் இழுத்து குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே கிளம்புங்கள், பாலிடாக்சின் என்ற பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அழுகல் உறுதியானால் தயங்காமல் வெட்டுங்கள். லெதரைப் புது பிளேடால், அழுகிய இடத்தோடு கொஞ்சம் நல்ல சதையும் சேர்த்து அறுத்து, அயோடின் டிப்பில் முக்கி, நல்ல நீரோட்டத்தில் வையுங்கள். ஜெனியா உருகினால் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அன்றைக்கே 15, 20 சதவீதம் தண்ணீர் மாற்றி, புதுக் கரி போடுங்கள். அடித்தண்டு கெட்டியாக இருக்கிற வரை பாறையை வெளியே எடுக்க வேண்டாம், அதிலிருந்து திரும்ப முளைப்பதுண்டு.