மெயில் வேண்டாம், காலண்டர் போதும்

ஐபோனில் கூகுள் கணக்கைச் சேர்த்தால் மெயிலெல்லாம் வந்து கொட்டும் என்று பயந்தே பலர் அந்தப் பக்கம் போவதில்லை. வழி இருக்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் காலண்டர், பிறகு காலண்டர் அக்கவுன்ட்ஸ் போய்க் கணக்கைச் சேருங்கள். ஐஓஎஸ் 18-க்கு முந்தைய போன் என்றால் செட்டிங்ஸிலேயே காலண்டர் இருக்கும். பாஸ்வேர்டு கொடுத்ததும் மெயில், கான்டாக்ட்ஸ், காலண்டர்ஸ், நோட்ஸ் என்று வரிசையாகப் பொத்தான்கள் வரும். மெயிலை அணைத்துவிட்டுச் சேவ் கொடுங்கள், அவ்வளவுதான்.

கோட்டைவிடும் இடம் வேறு. கான்டாக்ட்ஸ் பொத்தான் இயங்கினாலும், புதிதாகப் பதியும் நம்பர் கூகுளுக்குப் போகாமல் ஆப்பிளின் சேமிப்பிடமான ஐகிளவுடுக்கே போய்விடலாம். கான்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் டிஃபால்ட் அக்கவுன்ட்டை ஜிமெயிலுக்கு மாற்றிவிடுங்கள். நான் மாற்றாமல் விட்டேன். ஆண்ட்ராய்டுக்குத் தாவியபோது பிளம்பர் நம்பர்கூட இல்லை, குழாயோ ஒழுகிக்கொண்டிருந்தது.