அமெரிக்கா போனால் ப்ராஸ்டேட் கெடுமா? கணக்கில் சறுக்கும் இடங்கள்

ப்ராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றைப் பற்றி கோவை, ஈரோடு பக்கம் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். "நம்ம ஆளுகளுக்கு அந்தப் புற்றெல்லாம் வராதுங்க" என்பது ஒன்று. "பையன் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாசம் இருந்தாரு, புற்றோட வந்துட்டாரு" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

முதல் பேச்சுக்கு இங்கிலாந்துக் கணக்கே பதில். அங்கே ப்ராஸ்டேட் புற்று வாழ்நாளில் கண்டறியப்படுவது வெள்ளையரில் 8 பேரில் ஒருவருக்கு, கறுப்பினத்தவரில் 4 பேரில் ஒருவருக்கு, ஆசியரில் 13 பேரில் ஒருவருக்கு. ஆசியருக்குக் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. கண்டறியப்பட்டவர்களில் இறப்போர் பங்கு மூன்று தரப்பிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. வந்துவிட்ட பிறகு இனம் காப்பாற்றுவதில்லை.

இரண்டாவது பேச்சில் காலக்கணக்கே இடிக்கிறது. இந்தப் புற்று பெரும்பாலும் பல வருடம் மெதுவாக வளர்வது. ஆறு மாதத்தில் முளைப்பதல்ல. பி.எஸ்.ஏ. என்பது ப்ராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். அதை அளக்கும் ரத்தப் பரிசோதனையைப் புற்று கண்டறிய அமெரிக்காவில் 1994இல் அனுமதித்தார்கள். தேடுகிற ஊரில் அதிகம் அகப்படும். அதற்காக எல்லாமே பரிசோதனை செய்கிற மாயம் என்றும் சொல்ல முடியாது. பி.எஸ்.ஏ. வருவதற்கு முன்பே, அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரிடம் இந்தப் புற்று தாய்நாட்டைவிடக் கூடியிருந்தது. வாழும் சூழலுக்கும் பங்கு உண்டு.

வயதைப் பார்க்காமல் விகிதத்தை ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பீகார், ஒடிசாவிலிருந்து வருகிறவர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். அவர்களிடம் ப்ராஸ்டேட் நோய் குறைவு என்பதில் வியக்க என்ன இருக்கிறது? இது ஐம்பதுக்கு மேல் தலைகாட்டுவது. நோய்வாய்ப்பட்டவர் ஊர் திரும்பிவிட்டால் அவர் இங்கே கணக்கிலேயே வரமாட்டார். வயதைச் சமன் செய்த விகிதங்களை, அதாவது வயது வித்தியாசத்தைக் கழித்துப் போட்ட கணக்கை மட்டும் ஒப்பிட வேண்டும்.

வீட்டில் நடப்பது வேறு வகைத் தவறு. இரவில் நாலு தடவை ஒண்ணுக்கு எழுந்தால் "உடம்புச் சூடு" என்று இளநீரும் தொப்புளில் விளக்கெண்ணெயுமாக நாள் ஓடும். வயதால் ப்ராஸ்டேட்டில் வரும் வீக்கமும் இப்படி எழுப்பும், அது புற்றல்ல. ஆரம்பப் புற்றுக்கோ பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. ஆகவே நீர் சரியாகப் போகிறது என்பதை வைத்துப் புற்று இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

பி.எஸ்.ஏ. எடுக்கும் முன் இரண்டு நாள் சைக்கிள் மிதிப்பதும் உடலுறவும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் ஆறு வாரம் பொறுத்து எடுக்கவும். ப்ராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. அளவு ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும், 2.5 என்று வந்தால் ஏறக்குறைய 5 என்று படிக்க வேண்டும். அமெரிக்காவில் மகன் காட்டும் டாக்டருக்கு இந்த மாத்திரை சாப்பிடுவது தெரியாவிட்டால் நல்ல ரிப்போர்ட் போலவே தோன்றும். மாத்திரைச் சீட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

மூக்கடைப்புக்குத் தரும் சில சளி மாத்திரைகள், வீங்கிய ப்ராஸ்டேட் உள்ளவருக்கு நீரை அடைத்துவிடும். அப்படி அடைத்து அடிவயிறு உப்பினால், இன்னும் தண்ணீர் குடிக்கச் சொல்லாதீர்கள். டியூப் போட்டு நீரை இறக்க உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.