வீட்டில் மார்கரிட்டா: உப்பை டம்ளருக்கு வெளியே வையுங்கள்

மார்கரிட்டா என்பது டெக்கீலாவும் எலுமிச்சையும் கலந்து, விளிம்பில் உப்பு ஒட்டிய டம்ளரில் தரும் காக்டெய்ல். நான் முதல்முறை கலக்கியதை ஒரு மடக்கு குடித்துவிட்டு நண்பன், "கடல் தண்ணிய ஏண்டா குடுக்குற?" என்றான். இரண்டாம் முறை சப்பென்று இருந்தது. மூன்றாம் முறை கசந்தது. நாலைந்து சனிக்கிழமைகள் வீணான பிறகுதான் பிடிபட்டது. எங்கெங்கே சொதப்பினேனோ அங்கெல்லாம் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், மற்றதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

ஒருவருக்கான அளவு: டெக்கீலா (அகாவே செடியிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மது) 50 மி.லி., ட்ரிபிள் செக் (ஆரஞ்சுத் தோல் மணக்கும் இனிப்பு மது) 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி. பன்னாட்டு பார்டெண்டர்கள் சங்கமான ஐ.பி.ஏ.வின் கணக்கு இது. எனக்குப் புளிப்பு தூக்கலாக வேண்டும் என்பதால் சாறு 20, கூடவே சர்க்கரைப் பாகு 5 மி.லி. விடுவேன்.

கடையில் விற்கும் பெக் மெஷரில் 30, 60 தவிர வேறு கோடு இருக்காது. 20க்கு எங்கே போவது? இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 5, 10, 15 எல்லாம் கோடு போட்டிருக்கும். நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கில் செலவழித்து வாங்கிய என் மெஷர் டிராயரில் தூங்குகிறது.

டெக்கீலா வாங்கும்போது லேபிளில் '100% அகாவே' என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லாமல் வெறும் டெக்கீலா என்று மட்டும் இருந்தால், அதன் சர்க்கரையில் 49 சதவீதம் வரை கரும்பு போன்ற வேறு எதிலிருந்தாவது வந்திருக்கலாம். அகாவே என்பது ரயில் பாதையோரம் முள்ளோடு நிற்கும் ஆனைக் கற்றாழையின் இனம். முகத்தில் தேய்க்கும் சோற்றுக் கற்றாழை வேறு. பிளாங்கோ என்ற நிறமற்ற வகை போதும். 'கோல்ட்' என்று தங்க நிறத்தில் மினுக்குவதில் பல, கேரமல் சேர்த்து நிறமேற்றியவை. வருடக்கணக்கில் பீப்பாயில் ஊறிய அன்யெஹோவை எலுமிச்சையோடு கலப்பதற்கு எனக்கு மனசு வராது. ட்ரிபிள் செக்கில், பணம் இருந்தால் குவாந்த்ரோ என்ற பிராண்டை வாங்குங்கள். மலிவானவற்றில் இனிப்பு அதிகம் இருக்கும், அப்போது பாகு வேண்டாம்.

அடுத்து எலுமிச்சை. இதில் நமக்கு அதிர்ஷ்டம். மெக்சிகோவில் 'லிமோன்' என்று சொல்வது சின்னதாக, மெல்லிய தோலும் விதையுமாக இருக்கும் பழம். நம்மூர் எலுமிச்சையும் அதே இனந்தான். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் லைம் பெரும்பாலும் விதையில்லாத பெரிய பாரசீக வகை. அதனால் 'ஒரு பழத்தின் சாறு' என்று படித்தால் நம்பாதீர்கள், மி.லி.யில் அளந்துகொள்ளுங்கள். என் மூன்றாவது மார்கரிட்டா கசந்ததற்குக் காரணம், பிழிந்த மூடியையே திரும்பத் திரும்ப நசுக்கியதுதான். தோலின் எண்ணெயும் நசுங்கிய விதையும் சேர்ந்துவிட்டன. ஒரே அழுத்து, டீ வடிகட்டியில் வடித்து உடனே கலக்குங்கள்.

சரி, உப்புக்கு வருவோம். டம்ளர் விளிம்பு முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்து, நானும் தட்டில் தூள் உப்பைக் கொட்டி, டம்ளரைத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தேன். விளிம்பின் உட்பக்கமும் ஒட்டிக்கொண்டது. பானத்தை ஊற்றியதும் அத்தனையும் உள்ளே கரைந்தது. கடல் தண்ணீரின் கதை இதுதான்.

இப்போது செய்வது இப்படி: கல் உப்பை இடிகல்லில் ஒன்றிரண்டாக நுணுக்குகிறேன், ரவை மாதிரி. எலுமிச்சைத் துண்டை டம்ளரின் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் பாதிச் சுற்றுக்கு, ஒரு விரல் அகலத்துக்குத் தேய்க்கிறேன். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கத்தை உப்பில் உருட்டுகிறேன். பிறகு தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு. உள்ளே ஒட்டியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பாதிச் சுற்று போதும், உப்பு வேண்டாதவர் மறுபக்கம் குடித்துக்கொள்ளலாம். உப்பு வெறும் அலங்காரமில்லை, கசப்பை அடக்கும். அதனால்தான் பழக்கமில்லாதவர்களுக்கும் டெக்கீலா எளிதாக இறங்குகிறது.

ஷேக்கர் வேண்டுமென்றில்லை. வாய் அகன்ற எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும், கசியாத மூடியாக இருக்கட்டும். ஐஸை ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுக்க வேண்டும். என் இரண்டாவது மார்கரிட்டா சப்பென்றானது, அரை மணி நேரம் மேஜைமேல் வியர்த்துக் கிடந்த ஐஸால். பாட்டில் நிறைய ஐஸ் போட்டு, எல்லாவற்றையும் ஊற்றி, பன்னிரண்டு முதல் பதினைந்து விநாடி ஓங்கிக் குலுக்குங்கள். வெளிப்பக்கம் பனி பூத்துக் கை மரத்தால் ஆயிற்று. வடிகட்டி ஊற்றுங்கள். குலுக்கும்போது கொஞ்சம் தண்ணீர் சேரத்தான் வேண்டும், அதுவும் செய்முறையில் அடக்கம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளரில் 70 மி.லி. சரக்கு இருக்கிறது, ஒரு லார்ஜுக்கும் மேலே. எலுமிச்சை ஜூஸ் மாதிரி இறங்கும், அதுதான் ஆபத்து. வண்டிச் சாவியை முதலிலேயே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: ட்ரிபிள் செக் கிடைக்கவில்லை, ஆரஞ்சு ஜூஸ் விடலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். விட்டுப் பார்த்தேன், நீர்த்துப்போகிறது. ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவி, சர்க்கரையோடு கசக்கி இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். எண்ணெய் கசிந்ததும் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்து வடிகட்டினால் மணமான பாகு. 15 மி.லி. போதும், வேறு இனிப்பு வேண்டாம்.

பின்சேர்க்கை 2: மூடி திறக்க மாட்டேன் என்கிறதாம். உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கி மூடியை இழுத்துப் பிடிக்கிறது. முறுக்கிப் போராடாதீர்கள், பாட்டிலின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் குலுக்கி உடைத்துக்கொண்டவரும் எழுதியிருக்கிறார். அதனால்தான் எவர்சில்வர் என்றேன்.

பின்சேர்க்கை 3: இது முக்கியம். பட்டப்பகலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து இருபது பழம் பிழிந்த ஒருவருக்கு, மறுநாள் புறங்கையில் தீக்காயம் போலக் கொப்புளம். எலுமிச்சைச் சாறும் வெயிலும் தோலில் சேர்ந்தால் இப்படி ஆகும், ஆங்கிலத்தில் 'மார்கரிட்டா பர்ன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கருத்த தழும்பு வாரக்கணக்கில் போகாது. பழத்தை வீட்டுக்குள் பிழிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மாடிக்குப் போங்கள்.